மலைக்குளிரில் ஒரு சம்பளம், இரண்டு பிள்ளைகள்

திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது, கணவர் ஒருவர் சம்பளம்தான், மூத்தவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் பில், காஸ், மருந்து மூன்றும் சேர்ந்து கையைக் கடிக்கிறது, பிள்ளைகளுக்குச் சளி விட்டபாடில்லை, ரூம் ஹீட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரிப் பக்கம் 26 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். பால்வாடி டீச்சர் என்றால்தான் ஊரில் தெரியும். இரண்டு பிள்ளைகளை இதே குளிரில், இதே மாதிரி ஒரு சம்பளத்தில் வளர்த்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் தங்கச்சி, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். கீழே இருந்தவரை உங்கள் சிக்கனம் வேறு. மலையில் காசு பெரும்பாலும் சூடாகத்தான் கரைகிறது. தண்ணீர் சுட வைக்க, பருப்பு வேக வைக்க, துணி காய வைக்க, பிள்ளை நடுங்காமல் தூங்க, எல்லாவற்றுக்கும் சூடு வேண்டும். அந்தச் சூட்டை வீடு முழுக்கப் பரப்பினால் எந்தச் சம்பளமும் போதாது. பிள்ளையின் உடம்பை ஒட்டி, பாத்திரத்தை ஒட்டிப் பிடித்து வைத்தால் பாதிச் செலவு தானாகக் குறையும். ஹீட்டர் பற்றிய என் பதிலும் இதுதான்: அறையைச் சூடாக்க வேண்டாம், பிள்ளையைச் சூடாக வைத்துக்கொண்டால் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி 4 மணி நேரம் என்றால் 8 யூனிட். நம் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் 60 நாளைக்கு 480 யூனிட், அதுவும் ஹீட்டருக்கு மட்டும். முதல் 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைக்காதீர்கள். 101 முதல் 200 வரைக்கும் உள்ள குறைந்த விலையும் போய்விடும். பில்லைப் பார்த்து மலைத்துப் போவது இதனால்தான். மாதாமாதம் பதினைந்தாம் தேதி மீட்டரைப் பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள். எங்கே போகிறது என்று இரண்டே மாதத்தில் பிடிபட்டுவிடும்.

ஹீட்டர் வாங்கும் பணத்தில் பாதியை வீட்டின் ஓட்டைகளை அடைக்கச் செலவிடலாம். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பழைய பேன்ட் காலில் மணலோ துணிக் கிழிசலோ நிரப்பித் தைத்துக் குறுக்கே போடுங்கள். தகரக் கூரையாக இருந்தால் சூடு மேலேதான் ஓடும். கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் இரண்டு பழைய சேலையை மடித்து விதானம் மாதிரி கட்டினாலே வித்தியாசம் தெரியும். பகலில் வெயில் படும் ஜன்னலின் திரையை முழுசாக விலக்குங்கள். நாலு மணிக்கு மூடிவிடுங்கள். கட்டிலை வெளிச்சுவரை ஒட்டிப் போடக் கூடாது. தரையில் படுக்கிறவர்கள் மெத்தைக்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதற்கு மேல் கோரைப்பாய் போட்டால் தரையின் ஜில்லிப்பு ஏறாது. படுப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் ரப்பர் வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்து, பிள்ளையைப் படுக்க வைக்கும் முன் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட வேண்டும், மறக்கக் கூடாது. கைக்குழந்தையின் தோல் மெல்லியது, பை மிதமான சூடாக இருந்தால்கூடப் புண்ணாகிவிடும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் இங்கேயே வருகிறது. என் மூத்தவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, டிசம்பர் மாதம், கரி கிடைத்ததே என்று கும்மட்டி அடுப்பில் கணப்பு மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தோம். நடு இரவில் தலை வெடிக்கிற மாதிரி வலித்து எழுந்தேன். பிள்ளையை எழுப்பினால் கண் சொருகுகிறது. வெளியே தூக்கி ஓடி, பனியில் உட்கார்ந்து, அரை மணி கழித்துத்தான் அவள் அழுதாள். அன்றைக்கு அந்த அழுகையைக் கேட்டதுபோல வேறெதையும் நான் கேட்டதில்லை. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். கணப்பு வைத்த அறையில் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி நீலகிரிக்கும் புதிதில்லை, கொடைக்கானலுக்கும் புதிதில்லை. கரியோ விறகோ படுக்கும் அறைக்குள் வரவே கூடாது. குளியலறையில் காஸ் கீசர் இருந்தால் அங்கும் இதே ஆபத்துதான். காற்று போக வழியில்லாத குளியலறையில் அதை வைத்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி வெளியே மாற்றச் சொல்லுங்கள்.

எஸ்டேட் பக்கம் கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை, சில்வர் ஓக் கிளை எல்லாம் சும்மாவே கிடைக்கும். அதை விட வேண்டாம். வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில் வெந்நீர் அடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். குளியலுக்கு அது போதும். ஆனால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறகடுப்புப் பக்கம் நிற்காதீர்கள். அந்தப் புகை நெஞ்சில் இறங்கினால், காஸில் மிச்சம் பிடித்ததை ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டி வரும். குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை போடுவதும் அப்படியே. தலையைத் துணியால் நன்றாகத் துவட்டினால் போதும்.

கரண்டில் சுட வைத்தாலும் ஒரு பக்கெட் வெந்நீருக்குச் சுமார் அரை யூனிட்தான் ஆகும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கீசரைக் காலையில் போட்டுவிட்டு மறந்துபோவதில்தான் காசு போகிறது. எட்டு மாதக் குழந்தைக்குத் தினமும் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்ட அவசியமே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பதினொரு மணிக்கு மேல், மேகம் விலகும் நேரம் பார்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள். மற்ற நாள் வெந்நீரில் துணி நனைத்து கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு துடைத்தால் சுத்தமாக இருக்கும்.

சமையல் காஸுக்கு வருவோம். கீழே 20 நிமிடத்தில் வெந்த துவரம்பருப்பு இங்கே முக்கால் மணி ஆகியும் குழையவில்லை, காஸ்காரர் குறைத்துக் கொடுக்கிறாரோ என்று சந்தேகம் கேட்டிருந்தீர்கள். சிலிண்டர் அதே 14.2 கிலோதான். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டி இன்னும் மேலே, அங்கே இன்னும் ஒன்றரை டிகிரி குறையும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வைப்பது காஸைக் காற்றில் விடுவதுதான். குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் இல்லை. அதிலும் கீழே வைத்ததைவிட ஒன்றிரண்டு விசில் கூடவே விட வேண்டும்.

அப்புறம் எங்கள் அம்மா காலத்து வழி ஒன்று. பருப்பையும் கடலையையும் முந்தின இரவே ஊற வையுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில். பச்சைத் தண்ணீரில் போட்டால் இந்தக் குளிரில் ஊறாது. காலையில் குக்கரில் இரண்டு மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரை இறக்கி, பழைய கம்பளி விரித்த கூடைக்குள் வைத்து நாலாபக்கமும் சுற்றி மூடிவிடுங்கள். அரை மணி கழித்துத் திறந்தால் வெண்ணெய் மாதிரி குழைந்திருக்கும். அடுப்பில் இருக்கும்போது சுற்றக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே குக்கரில் அடுக்குப் போட்டு கீழே பருப்பு, மேலே கேரட், உருளை, முட்டை என்று ஒன்றாக முடித்துவிடலாம். குடிக்கும் தண்ணீர் நன்றாகப் பொங்கிக் கொதித்த பிறகு மூன்று நிமிடம் விட்டு இறக்கி, பெரிய பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் நாள் முழுக்கச் சூடு பண்ணும் வேலை இல்லை. பாட்டில் தண்ணீர் வாங்கும் பழக்கம் இருந்தால் அதுவும் நிற்கும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை இருப்பதால் எப்படியும் எவர்சில்வர் பாட்டில்தான் கையில் இருக்க வேண்டும்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்ற குறை மலைக்கு வரும் எல்லோருக்கும் உண்டு. வெந்தயம் கூடப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கையால் கரைத்து, சூடான தண்ணீர் வைத்த அகலப் பாத்திரத்துக்குள் மாவுச் சட்டியை இறக்கிக் கம்பளி போர்த்தினால் பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் பொங்கும். ஆனால் ஜூலை, நவம்பர் மாதங்களில் மாவோடு மல்லுக்கட்டாதீர்கள். அடை, ராகிக் களி, கோதுமைத் தோசை போதும். இந்த மலைக்காரர்கள் ராகியையும் சாமையையும் அவரையையும் சாப்பிட்டே தலைமுறை தலைமுறையாகக் குளிரைத் தாங்கியிருக்கிறார்கள்.

இனி டீயும், வர்க்கி என்ற நம் ஊர் மொறுமொறு பிஸ்கெட்டும். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். இங்கே மூன்று வயதுப் பிள்ளைகூட காலையில் டீயில் வர்க்கியை முக்கித் தின்று வயிறு நிறைந்துபோவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். தேயிலை மலை, டீ மலிவு, பிள்ளையும் அழாமல் குடிக்கிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமைதான். பெரியவர்கள் மாலையில் ஒன்று தின்னலாம். பிள்ளைக்கு அது மைதாவும் கொழுப்பும். டீ அதைவிட மோசம். தேநீரில் இருக்கும் துவர்ப்புச் சத்து, கீரையிலும் ராகியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். சோகை பிடித்து வெளுத்துப்போன பிள்ளைகளை மையத்தில் எடை போட்டபோதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, காலையில் என்ன கொடுத்தீர்கள் என்பதுதான். முக்கால்வாசிப் பேர் டீ என்பார்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம், பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம். சூடாக ஏதாவது கேட்டால் ராகிக் கஞ்சியோ, பருப்புத் தண்ணீரோ, மஞ்சள் போட்ட பாலோ கொடுங்கள். கீரைச் சாதத்தில் அரை எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

உங்கள் மூத்தவனை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டீர்களா? எழுதவில்லை. அது ஏழைகளுக்கு என்று நினைத்துத் தயங்கும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எல்லாக் குழந்தைக்கும் உரியது. 1975-லிருந்து நடக்கிற திட்டம். அவனுக்கு அங்கே சூடான மதியச் சாப்பாடும் வாரத்தில் மூன்று நாள் முட்டையும் உண்டு. சின்னவளுக்கு வீட்டுக்கே சத்துமாவு கொடுப்பார்கள். மாதம் ஒரு முறை எடை போட்டு அட்டையில் குறிப்பார்கள், அந்தக் கோடு ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகவாவது போங்கள். நாளைக்கு அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தால் 2022-இல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டமும் இருக்கிறது. சூடான உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுப் பாடத்தில் உட்காரலாம். ரேஷன் கார்டையும் இந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடை விலையோடு ஒப்பிட்டால் மாதத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காய்கறியில் ஒரு சூட்சுமம். மலையில் விளையும் கேரட், உருளை, பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ், நூல்கோல் எல்லாம் லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போகின்றன. தேங்காய், வாழைப்பழம், சின்ன வெங்காயம், முருங்கைக்காய் கீழேயிருந்து ஏறி வருகின்றன. ஏறி வருவதை ஊருக்குப் போய்வரும்போது மாதம் ஒரு முறை வாங்கி வாருங்கள். இங்கேயே விளைவதை உழவர் சந்தையில் காலையில் வாங்குங்கள். பிளவுபட்ட கேரட், சின்ன உருளை எல்லாம் தரம் பிரித்துத் தள்ளியதால் மலிவாகக் கிடைக்கும், சத்தில் எந்தக் குறையும் இல்லை. வேலியில் ஒரு மேரக்காய் (சௌசௌ) கொடி விட்டால் வருடக்கணக்கில் காய்க்கும். கோணியில் மண் போட்டு முள்ளங்கியும் கொத்தமல்லியும் பட்டாணியும் போடலாம், குரங்கு பார்க்காத இடமாகப் பார்த்து.

கேரட் என்றதும் நினைவு வருகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கைக்குழந்தைக்கு மூன்று வேளையும் கேரட் மசித்துக் கொடுத்து, உள்ளங்கையும் மூக்கும் மஞ்சளாகிவிட்டது, காமாலை என்று அலறிக்கொண்டு வந்த அம்மாக்கள் உண்டு. கேரட்டின் நிறமிதான் தோலில் சேர்கிறது. குறைத்தால் தானாகப் போய்விடும். காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். அதைப் பார்த்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். எட்டு மாதத்துக்குக் கேரட் மட்டும் போதாது. மசித்த பருப்பு, உருளை, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ, வெந்த முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள், தாய்ப்பாலும் தொடரட்டும்.

துணிமணியில் உங்களுக்கு யாருக்கும் இல்லாத வசதி இருக்கிறது, நீங்கள் திருப்பூர்க்காரர். தடிமனான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நன்றாகச் சூடு பிடிக்கும், அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் கம்பளி. உள்ளே உடம்பை ஒட்டி முழுக்கை பனியன், அதன் மேல் ஃபிளானல், அதன் மேல் ஸ்வெட்டர். அந்தப் பனியன்களை உங்கள் ஊரில் எக்ஸ்போர்ட் மிச்சமாக விற்பதில் வாங்கி வாருங்கள், ஒரு அளவு பெரியதாகவே. மேல் அடுக்குக்கு ஊட்டியில் திபெத்தியர் கடைகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். மலையில் ஸ்வெட்டர் கிழிவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும், எல்லா வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும். பின்னத் தெரிந்தால் இன்னும் நல்லது. சிறிசாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை வெந்நீர் ஆவியில் காட்டி நேராக்கி, புது நிறம் ஒன்று சேர்த்துப் பெரிதாகப் பின்னிவிடலாம். என் மூத்தவளின் சிவப்பு ஸ்வெட்டர் மூன்று முறை அப்படி வளர்ந்து, கடைசியில் தம்பிக்குத் தொப்பியானது.

குளிர்கிறதா என்று பார்க்கப் பிள்ளையின் கையையும் காலையும் தொடாதீர்கள், அவை எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். பிடரியையோ வயிற்றையோ தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். வியர்வையில் நனைந்த பனியன்தான் பிறகு உடம்பைக் குளிர வைக்கும். சின்னவள் தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். கனமான ரஜாயை அவள் மேல் போர்த்த வேண்டாம், முகத்தில் ஏறினால் அவளால் தள்ள முடியாது. பழைய ஃபிளீஸ் துணியில் கை மட்டும் வெளியே வருகிற மாதிரி ஒரு பை தைத்துப் போட்டுவிட்டால் உதைத்துத் தள்ளவும் மாட்டாள், மூச்சும் முட்டாது. தூங்கும் அறைக்குள் தொப்பியும் வேண்டாம்.

நாப்கின் விஷயம் சுருக்கமாக. தடிமனாகத் தைத்த நாப்கின் மழை மாதங்களில் மூன்று நாளானாலும் காயாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டுவதுதான் சீக்கிரம் காயும். முப்பது துண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்குவதை ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் வையுங்கள். தாழ்வாரத்தில் காய வைத்து, கடைசி ஈரத்தை இஸ்திரி போட்டு எடுங்கள். பிள்ளைகள் படுக்கும் அறையில் ஈரத்துணி தொங்கவிட்டால் சுவரில் பூஞ்சை ஏறும், சளி விடாததற்கு அதுவும் ஒரு காரணம். மத்தியானம் அரை மணியாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஸ்வெட்டர் மூட்டைக்குள் போடும் அந்துருண்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜி6பிடி என்ற குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் வாடையே ரத்த அணுக்களை உடைத்துவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியே தெரியாது. பிள்ளைத் துணியில் அது வேண்டவே வேண்டாம். காய்ந்த வேப்பிலையும் வெயிலும் போதும். யாராவது கொடுத்த பழைய துணியில் அந்த வாடை அடித்தால் துவைத்து வெயிலில் இரண்டு நாள் போட்ட பிறகே உடுத்துங்கள்.

இப்போது சளி. ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். மழை மாதங்களில் மாதம் ஒன்று என்றுகூட வரும். குளிர்காற்று பட்டதால் வருவதில்லை, எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டு ஒரே அறையில் இருப்பதால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிறது. ஆகவே மழை விட்டதும் மூத்தவனை வெளியே விடுங்கள். சளிக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இருமல் மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. மூக்கடைத்தால் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து, விலை குறைவுதான். மூத்தவனுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி மலைத்தேன் கொடுக்கலாம், இருமலுக்கு உண்மையிலேயே கேட்கும். சின்னவளுக்கு ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது, நாக்கில் தடவவும் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் விதை, அந்த வயதுக் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும்.

நீலகிரித் தைலமும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற மருந்து, அதனால் எல்லோரும் கைக்குழந்தை நெஞ்சிலும் தேய்ப்பார்கள். இரண்டு வயதுக்குள் தேய்க்காதீர்கள், மூக்குக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். கொஞ்சம் விழுங்கிவிட்டாலே வலிப்பு வரும். கற்பூரமும், வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலமும் அதே வகை. பாட்டிலைப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? இதைக் கற்றுக்கொண்டால் வீண் ஆஸ்பத்திரிச் செலவும் இல்லை, தாமதமும் இல்லை. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதை எட்டினாலே நிமோனியாவாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் சரியாக முழிக்காவிட்டாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது, 108-க்குக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடும் ஊர் இது. காய்ச்சல் மருந்தும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

மூத்தவன் மழையில் அடைந்து கிடந்து செல்போனிலேயே இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். பொம்மை வாங்க வேண்டாம். பைன் காய், தைல மரத்தின் குப்பி மாதிரி காய், உதிர்ந்த இலை இவற்றை ஒரு கூடையில் சேர்க்கச் சொல்லுங்கள், எண்ணவும் பிரிக்கவும் அதிலேயே படிப்பான். பட்டாணி உரிக்க, பூண்டு பிரிக்க, மாவு பிசைய அடுப்படியில் பக்கத்தில் உட்கார வையுங்கள். தான் உரித்த பட்டாணியைச் சாப்பிட மாட்டேன் என்று எந்தப் பிள்ளையும் சொல்லி நான் பார்த்ததில்லை. வெளியே போக வேண்டும் என்றால் லாங்வுட் சோலை பக்கத்திலேயே இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். முக்கியமான ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சரில் 2024-இல் சேர்ந்த காடு, அணிலும் குருவியும் பார்த்தே ஒரு நாள் போய்விடும். எங்கே போனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிள்ளையைத் தனியாக முற்றத்துக்கும் விடாதீர்கள். காட்டுமாடும் சிறுத்தையும் தேயிலைத் தோட்டத்தில் சாதாரணமாக நடமாடும். கரடிக்கு எண்ணெய் வாசனை போதும். எங்கள் மையத்தின் கதவை ஒரு ராத்திரி உடைத்து எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. மிச்சச் சாப்பாட்டை வாசலில் கொட்டாதீர்கள், விளக்கேற்றும் எண்ணெயையும் வெளியே வைக்காதீர்கள்.

கடைசியாக, சின்னவளின் தடுப்பூசி அட்டையைத் திருப்பூரில் விட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். யாரையாவது அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வரும் புதன்கிழமை தடுப்பூசி நாள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய், நிமோனியாவுக்கான ஊசி போட்டாயிற்றா, ஒன்பது மாதத்து ஊசி எப்போது என்று கேளுங்கள். எல்லாம் இலவசம்தான். வெயில் பார்க்காத மாதங்கள் வருவதால் வைட்டமின் டி சொட்டு மருந்து பற்றியும் அப்படியே கேட்டுவிட்டு வாருங்கள்.